ஆவடி விளைவு

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, "தங்கவேல் வீடு எது?" என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார். "சப்ஜெக்ட் அங்கிள் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். பூ கட்டுகிற அம்மா நாரை வாயில் கவ்வியபடியே கையை நீட்டி வழி காட்டும். பன்னிரண்டு வருஷமாக அதுதான் அவருக்குப் பெயர்.

உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு பிராக்டிகல் பரீட்சை என்று ஒன்று உண்டு. வேதியியல்காரன் உப்போடும் திராவகத்தோடும் மாரடித்துவிட்டுப் போய்விடுவான். உளவியலுக்கு உயிரோடு ஒரு மனுஷன் வேண்டும். பரீட்சை நாளன்று ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, உட்காரவைத்து, சோதனை செய்து, அவன் செய்ததை ரெக்கார்டு நோட்டில் எழுதவேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் சப்ஜெக்ட். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஓர் ஆளைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். வேலைக்குப் போகிறவனுக்கு லீவு கிடைக்காது. வேலையில்லாதவனோ, "எனக்கு மூள சரியில்லன்னு எழுதிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விடுவான்.

தங்கவேல் இதில் மாட்டிக்கொண்டது சொந்த மகளால். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருஷம் இன்ஸ்பெக்ஷன். டிராயிங்கில் என்ன அளவோ அதுதான் வேதம். பீஸ் அந்த அளவுக்குள் இருந்தால் பாஸ், மயிரிழை கூடினாலும் ரிஜெக்ட், சிவப்புப் பெட்டி. ஐம்பத்திரண்டு வயதில் கம்பெனியை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வருஷம்தான் மகள் சுவேதா ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் கடைசி வருஷம். சப்ஜெக்ட்டாக வருகிறேன் என்ற தோழியின் அண்ணன் முதல் நாள் கையை விரித்துவிட்டான். "நைனா, நீ வாயேன்" என்றாள் மகள். மனுஷன் வேலை போனபிறகு முதல் தடவையாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

டிராயிங்கைப் பார்க்காமல் வேலைக்குப் போவானா இன்ஸ்பெக்ஷன்காரன்? மகளின் கையேட்டை எடுத்துப் புரட்டினார். கண்ணாடி வரைதல் என்று ஒரு சோதனை. இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் வரைந்த காகிதம். இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டி ஒரு சுற்று வரவேண்டும். ஆனால் கை நேராகக் கண்ணில் படாதபடி ஒரு பலகை மறைத்திருக்கும். எதிரே நிற்கிற கண்ணாடியில் பார்த்துத்தான் வரையவேண்டும். மேலே இழுத்தால் கண்ணாடியில் கீழே போகும், ஆளைப் பைத்தியமாக அடிக்கும். இப்படிப் பத்து முறை. முதல் முறை நாலைந்து நிமிஷம் தடுமாறுகிறவர்கூடப் பத்தாவது முறை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவார். பழகப் பழக நேரம் குறையும். அவ்வளவுதான் பாடம்.

அந்தக் கையேட்டை எழுதியவர் துறைத்தலைவர் பேராசிரியர் மணவாளன். அறிவாளிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் புத்தகம் அச்சானபோது எழுபத்தொன்றாம் பக்கத்து மாதிரி அட்டவணையைத் தலைகீழாகக் கோத்துவிட்டார்கள். முதல் முறை நாற்பத்தெட்டு விநாடி, இரண்டாம் முறை அறுபத்தொன்று, அப்படியே ஏறி ஏறிப் பத்தாவது முறைக்கு நூற்றுத் தொண்ணூறு. மணவாளன் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கவனிக்கவில்லை, அவர்கள் எதைத்தான் கவனித்தார்கள்? தங்கவேல் மட்டும் கவனமாகப் பார்த்தார். பார்த்து, "ஓகோ, இதான் டிராயிங்" என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்று பூராவும் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, மனைவி அங்கம்மாவின் முறத்தைத் தடுப்பாக வைத்து, நட்சத்திரமாக வரைந்து தள்ளினார். "முறத்தக் குடுய்யா, அரிசி பொடைக்கணும்" என்று அவள் கத்தினாள். "சும்மா கெட, பீஸ் இன்னும் அளவுக்கு வரல" என்றார். விடிவதற்குள் நாற்பத்தெட்டு விநாடி வந்துவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு முறையும் அளவாக மோசமாவதுதான் கஷ்டம். அதற்கு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். நடுநடுவே மணிக்கட்டை உதறவேண்டும், ஒரு கொட்டாவி விடவேண்டும். மகளுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு மார்க்.

பிறகு கேட்பானேன்! சுவேதா கல்யாணமாகி மாங்காட்டுக்குப் போய்விட்டாள். அப்பா கல்லூரியிலேயே தங்கிவிட்டார். வருஷாவருஷம் மார்ச் மாதம் வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டின. சப்ஜெக்ட்டின் பெயரை ரெக்கார்டில் முழுதாக எழுதக்கூடாது, முதல் எழுத்தும் வயதும் போதும் என்பது விதி. அது அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒரு நோட்டில் த., வயது முப்பத்தெட்டு. இன்னொன்றில் வே., வயது ஐம்பது. ஒரு வருஷம் தாடி, மறு வருஷம் மழமழ. பதினோரு வருஷத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு மனிதராக உட்கார்ந்து எழுந்திருக்கிறார். ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆனதில்லை. மத்தியானம் ஒரு சாப்பாடு, ஒரு டீ, அதற்குமேல் ஒரு பைசா தொட்டதில்லை. இதில் ஏமாற்று வேலை இருக்கிறது என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கேட்ட அளவுக்குப் பீஸ் கொடுக்கிறவன் யோக்கியன், அவ்வளவுதானே அவருக்குத் தெரியும்!

பரீட்சை முடிந்து வந்தால் அங்கம்மாவிடம் ஒரு மணி நேரம் அளப்பார். மேடம் என்ன கேட்டாள், இவர் என்ன சொன்னார், எப்படி உட்காரச் சொன்னார்கள் என்று ஒன்று விடாமல். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்பாள். "ம்க்கும், தொரைக்கு வந்த வாழ்வப் பாரு" என்பாள்.

இதற்குள் மணவாளன் இருக்கிறாரே, அவர் சும்மா இருந்தாரா? ஏழாவது வருஷம் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டியவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகம் முழுக்கப் பழகப் பழக நேரம் குறைகிறது. ஆவடி, அம்பத்தூர் ஜனங்களுக்கு மட்டும் கூடுகிறது! தொழிற்பேட்டையில் காலமெல்லாம் ஒரே வேலையைச் செய்து செய்து இந்த மண்ணின் கைகளுக்குப் பயிற்சி என்றாலே சோர்வு வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். அதற்கு "ஆவடி விளைவு" என்று பெயர் வைத்தார். கருத்தரங்கில் வாசித்தார். கையேட்டின் இரண்டாம் பதிப்பில் அதற்குத் தனி அத்தியாயம் சேர்த்தார். அதிலும் எழுபத்தொன்றாம் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். லேப் சுவரில் அதையே வண்ணப் படமாக எழுதி மாட்டினார். அந்தப் படத்துக்குக் கீழேதான் வருஷாவருஷம் தங்கவேல் உட்கார்ந்திருப்பார். மணவாளன் அவரை லேப் அட்டெண்டர் என்று நினைத்து இரண்டு முறை டீ வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். தங்கவேலும் வாங்கிவந்தார்.

போன வருஷம் மார்ச்சில் ஜெபிஷா வந்தாள். பட்டாபிராம் பிள்ளை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா கண்ணு, அழுதுகினு வந்துக்கீறே?"

"அங்கிள், பிராக்டிகல்ல ரெண்டு தடவ ஃபெயில். இந்த சிலபஸ் இதோட முடியுது. இதுதான் கடைசி சான்ஸ். இதுலயும் போச்சுன்னா மூணு வருஷ டிகிரியே இல்ல."

விசாரித்ததில், இரண்டு முறையும் தங்கவேல் வேறு பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். முதல் முறை தம்பி ஷெர்வினைக் கூட்டிப் போயிருக்கிறாள். அவன் கண்ணாடியைப் பார்த்ததும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு மீசையைச் சரிபண்ண ஆரம்பித்துவிட்டான். இரண்டாம் முறை அத்தை ஆரோக்கியம்மாள். அந்த அம்மா பத்து முறையும் பென்சிலைத் தொடுமுன் கண்ணை மூடி ஜெபம் பண்ணியிருக்கிறாள். ஸ்டாப் வாட்ச் பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

"நீ கவலய வுடு. நாப்பத்திரெண்டு பாஸ், ஒரு ரிஜெக்ட் கெடையாது. நீ நாப்பத்திமூணு" என்றார் தங்கவேல். ஜெபிஷா அன்றே நிம்மதியாக, கையேட்டு எண்களை ரெக்கார்டில் பென்சிலால் நிரப்பிவைத்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். சோதனைக்கு முன்பே முடிவு எழுதியிருக்கும். சப்ஜெக்ட் வந்து ஆமாம் போட்டால் போதும், பிறகு பேனாவால் மேலே ஓட்டிவிடுவார்கள்.

பரீட்சையன்று எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து மார்க் போட வந்தவர் கோமளா என்ற அம்மாள். வேறு கல்லூரி. பருத்திப் புடவை, கைப்பையில் சொந்த ஸ்டாப் வாட்ச். சுவரில் இருந்த ஆவடி விளைவைக் கொஞ்ச நேரம் நின்று படித்தார். பக்கத்தில் மணவாளன் பெருமை தாங்காமல் நின்றிருந்தார். "ஆச்சரியமா இருக்கே சார்" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மாள். பிறகு நேரே ஜெபிஷாவின் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நேரத்தை நான் பாக்கறேன். இதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிருக்கீங்களா?"

"இல்லீங்கம்மா. இப்பதான் மொத தபா பாக்குறேன்" என்றார் தங்கவேல், தொழில் சுத்தமாக.

பென்சிலை எடுத்தார். சுற்றி வந்தார். வாட்ச் நின்றது. நாற்பத்தெட்டு விநாடி. கோட்டில் ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை.

கோமளா அம்மாள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து போன வருஷ ரெக்கார்டு ஒன்றை எடுத்தார். த., முப்பத்தெட்டு வயது, நாற்பத்தெட்டு விநாடி. அதற்கு முந்தைய வருஷம். வே., ஐம்பது வயது, நாற்பத்தெட்டு விநாடி. இன்னொன்று. இன்னொன்று. எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பென்சிலை இடது கைக்கு மாத்துங்க. அதுல பத்து தடவை பண்ணுங்க."

"அம்மா, புக்குல சோத்தாங்கைன்னுதானே..."

"புக்குல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தங்கவேல் பென்சிலை இடது கைக்கு மாற்றினார். ஜெபிஷாவின் முகத்தில் ரத்தமே இல்லை. இடது கைக்கு டிராயிங் கிடையாது. வாழ்நாளில் இடது கையால் அவர் செய்த வேலை பீடியைப் பிடித்தது ஒன்றுதான், அதையும் விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. கடவுளே என்று ஆரம்பித்தார்.

பென்சில் கோட்டைத் தாண்டி, காகிதத்தைத் தாண்டி, மேசைக்கு வந்துவிட்டது. திரும்ப இழுத்தால் எதிர்ப்பக்கம் ஓடியது. ஒரு முனையிலேயே நின்று ஈ மாதிரி சுற்றியது. "ஐய, போவாதடா! இந்தாண்ட வாடா, கய்த!" என்று சொந்தக் கையையே திட்டினார். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி, முப்பத்தொன்பது தப்பு. அடுத்த முறை மூன்றரை நிமிஷம். மூன்றாவது முறை ஒரு மூலையில் திரும்பும் சூட்சுமம் பிடிபட்டது. நாலாவதில் இன்னொரு மூலை. அதற்குப் பிறகு அவர் எண்ணுவதையே விட்டுவிட்டார். கொட்டாவி மறந்துபோயிற்று, மணிக்கட்டு உதறல் மறந்துபோயிற்று, எழுபத்தொன்றாம் பக்கம் மறந்தேபோயிற்று. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தபடி வரைந்துகொண்டிருந்தார். பத்தாவது சுற்று முடிந்தபோது ஐம்பத்தெட்டு விநாடி.

"வந்துச்சு பாத்தியா!" என்று லேபே அதிரக் கத்தினார்.

கத்திவிட்டுத்தான் ஜெபிஷாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெக்கார்டில் ரப்பரால் எதையோ அழிப்பதும் எழுதுவதுமாக இருந்தாள். எழுபத்தொன்றாம் பக்கம் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. ஏறவேண்டியதை இறக்கிவிட்டோமே! அளவு மொத்தமும் தலைகீழ். கூலிக்கும் இல்லை, கும்பிடுக்கும் இல்லை, தன் குஷிக்காக ஒரு பெண்ணின் மூன்று வருஷத்தைச் சிவப்புப் பெட்டியில் போட்டாயிற்று.

"கடைசியா ஒண்ணு" என்றார் கோமளா அம்மாள். "இதைச் செய்யும்போது உங்களுக்கு எப்படி இருந்தது? சப்ஜெக்ட் தன் வாயால சொல்லணும்."

அதற்கும் கையேட்டில் வாசகம் உண்டு. தங்கவேல் எழுந்து நின்றார். "தொடக்கத்தில் எளிதாக இருந்தது. பின்னர்..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே விட்டுவிட்டார்.

"அம்மா, பாப்பா மேல தப்பு இல்லம்மா. எல்லாம் நான் செஞ்சது. பதினோரு வருசமா புக்குல போட்டுக்கீற அளவுக்குத்தான் வரஞ்சி குடுத்துகினு கீறேன். டிராயிங் மாதிரி செஞ்சா பாஸுன்னு நெனச்சேன். இன்னிக்கி இந்தக் கைக்கு டிராயிங் இல்ல. மொதல்ல எம்பேச்சக் கேக்கவே இல்ல, அப்பால கேட்டுச்சு. பழகிடுச்சும்மா கை. எனக்கே ஒரே சந்தோசமா பூட்ச்சு, அதுல பாப்பாவ மறந்துட்டேன். இருவத்தொம்போது வருசம் மிசின்ல நின்னேன். பீஸு எப்டி வந்துச்சுன்னு கேப்பாங்க. உனுக்கு எப்டி இருந்துச்சுன்னு ஒருத்தன் கேட்டதில்ல. ஃபெயில் போடறதா இருந்தா எனக்குப் போடுங்க, இந்தப் பொண்ண வுட்ருங்க."

மணவாளன் இரண்டடி முன்னால் வந்தார்.

"நீங்க... எனக்கு டீ வாங்கிட்டு வருவீங்களே?"

"ஆமா சார். ரெண்டு தபா."

"அப்படின்னா அந்த நாற்பத்திரண்டு பேரும்..."

"நாந்தான் சார்."

பாவம் மணவாளன். ஒரு வட்டாரமே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஒரே ஆள், அதுவும் தனக்கு டீ வாங்கிக் கொடுத்த ஆள்! கோமளா அம்மாள் கையேட்டை எழுபத்தொன்றாம் பக்கம் பிரித்து நீட்டினார். "மேல நீங்களே 'பயிற்சியால் நேரம் குறையும்'னு எழுதியிருக்கீங்க சார். கீழ அட்டவணை ஏறிக்கிட்டே போகுது." மணவாளன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். ஒருமுறை மேலிருந்து கீழ், ஒருமுறை கீழிருந்து மேல். "அச்சுல..." என்றார். பிறகு, "நானும் படிச்சுப் பாக்கல" என்றார். நேராகச் சுவருக்குப் போய் ஆவடி விளைவைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் நல்ல மனுஷன்தான் என்று தங்கவேலுக்கு அப்போது தோன்றியது.

கோமளா அம்மாள் ஜெபிஷாவின் நோட்டை இழுத்தார். பென்சில் எண்கள் அழிக்கப்பட்டிருந்தன. அந்தத் தடத்தின்மேல் பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல், நாலு நிமிஷம் பன்னிரண்டிலிருந்து ஐம்பத்தெட்டு விநாடிவரை பத்தும் எழுதியிருந்தது. முடிவும் மாற்றி எழுதியிருந்தது: பயிற்சியால் கை தேறுகிறது.

"இதை எப்ப எழுதின? இவர் பேசறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடியே மேம். அஞ்சாவது தடவை அங்கிள் சிரிச்சுக்கிட்டே வரஞ்சாரு. அதைப் பாத்துக்கிட்டே நாற்பத்தெட்டு, அறுபத்தொண்ணுன்னு எழுத மனசு வரல. போனா போகட்டும்னு உள்ளதை எழுதிட்டேன்."

அந்த அம்மாள் பேனாவை எடுத்து, ஐம்பதுக்கு நாற்பத்துமூன்று என்று போட்டுக் கையெழுத்திட்டார். ஜெபிஷா தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். தங்கவேல் ஒன்றும் புரியாமல், "பாஸாம்மா? மெய்யாலுமே பாஸா?" என்று மூன்று தடவை கேட்டார். "பாஸ்தான். பழைய நாற்பத்திரண்டுக்கு நான் எக்ஸ்டர்னல் இல்லை" என்று சொல்லிவிட்டு கோமளா அம்மாள் அடுத்த மேசைக்குப் போனார்.

இந்த வருஷம் மார்ச்சும் வந்தது. வாசலில் இரண்டு பிள்ளைகளின் குரல் கேட்டதும் தங்கவேல் சட்டைக்கு இஸ்திரி போடப் போனார்.

"இல்ல அங்கிள்" என்று இழுத்தாள் ஒருத்தி. "உங்க ரெண்டு கையும் பழகிடுச்சே. பழகாத கை வேணும்னு மணவாளன் சாரே சொல்லிட்டாரு. ஆன்ட்டி வருவாங்களா?"

"நானா? எனக்கு இன்னாம்மா தெரியும்? ஊட்ல தலைக்கு மேல வேல கீது" என்றாள் அங்கம்மா. சொல்லும்போதே பீரோவைத் திறந்து நல்ல புடவையை எடுத்துவிட்டாள். அன்று சோறு வடித்தது தங்கவேல்.

மத்தியானம் வரவேண்டியவள் சாயங்காலம் ஐந்தரை மணி ரயிலில்தான் வந்து இறங்கினாள். வாசலிலேயே காத்திருந்தவர் பிடித்துக்கொண்டார்.

"நட்சத்திரம் எத்தினி நிமிசம்?"

"அது கெடக்குது. யார் பாத்தா?" என்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். முகமெல்லாம் ஒரு தெளிவு. "வரஞ்சி முடிச்சதும் அந்தப் பொண்ணு பேனாவத் தொறந்து வெச்சிகினு, 'ஒங்களுக்கு எப்டி இருந்துச்சு ஆன்ட்டி, சொல்லுங்க'ன்னு கேட்டுச்சு."

"அது கேப்பாங்க. நீ இன்னா சொன்னே?"

"சொன்னேன். கண்ணாலமாகி இந்த ஊட்டுக்கு வந்த நாள்ளேந்து சொன்னேன்."

"அடிப்பாவி! அவ்ளோத்தையும் எழுதிக்கினாங்களா?"

"நோட்டு தீந்துபோச்சு. பேப்பர் வாங்கிக் கோத்து எழுதுச்சு" என்றாள் அங்கம்மா. "கத இன்னும் ஒனுக்கு வேல பூட்ட வருசத்துக்கே வந்து சேரல. நாளிக்கு மறுபடி வரச் சொல்லிக்கீறாங்க. காத்தால சோத்த நீயே வடிச்சிடு."